போறணைக் குருவிக் கொப்பி

மடுமாதா துணை

ஃப்ரிபூர்க்,
22.08.1993

என் அன்புச் செசீலியாவுக்கு,

உம்மட கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. உயிரோட இருக்கிறீர் எண்டு உம்மட கையெழுத்தில பாத்த பிறகுதான் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கிச்சு. மே மாதம் கொழும்பில இருந்து வெளிக்கிட்ட ஆள், மூண்டு மாதமாய் ஒரு தகவலும் இல்லை. ஏஜென்சிக்காரன் முதலில சிங்கப்பூர் எண்டான். பிறகு, "இந்தா வந்திடுவா, சூரிச்சில போய் நில்லுங்கோ" எண்டான். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஏர்ப்போட்டில நிண்டு வாற சனத்தின்ர முகத்தையெல்லாம் பாத்துப்போட்டு வந்தன். இப்ப அவன்ர ரெலிபோனும் வேலை செய்யேல்லை.

கவரில ஆர்ஜென்ரீனா எண்டு இருந்ததைப் பாத்திட்டு, என்னோட அறையில இருக்கிற தவராஜா அண்ணை ஒரு பள்ளிக்கூட அட்லஸ் எடுத்துவந்து விரிச்சார். அது உலகத்தின்ர அடியில கிடக்கு. மன்னாரில இருந்து சுவிசுக்கு வாற பாதை அதுக்குள்ளால எப்பிடியப்பா போகும்? அவன் உம்மை என்ன சொல்லி அங்க கொண்டு போனவன்? கூட வந்த ஆக்கள் எங்க? கடிதத்தில நாலு வரிதான் எழுதியிருக்கிறீர், அதிலயும் ரெண்டு வரி என்ர சுகத்தைக் கேட்டிருக்கிறீர். எல்லாத்தையும் விபரமாய் எழுதும்.

காய்ச்சல் விட்டிட்டுதோ? நீர் எழுதின அந்த மடத்துக் கன்னியாஸ்திரிமார் நல்லாய்ப் பாக்கினமோ? இனி ஒருத்தனையும் நம்பி அந்த இடத்தை விட்டு வெளிக்கிடாதேயும். நான் இஞ்ச ஒரு வழி பாக்கிறன். முந்தி மாதிரி இல்லை, போன வருசம் எனக்கு இஞ்ச தங்குற B பெர்மி கிடைச்சது உமக்குத் தெரியும். நாலு வருசம் பொறுத்தனீர், இன்னும் கொஞ்சம் பொறும்.

உம்மையே நினைச்சுக்கொண்டிருக்கிற,
அந்தோனிதாஸ்


சாக்கோ, ஆர்ஜென்ரீனா
19.09.1993

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கட கடிதம் மூண்டரைக் கிழமையில வந்திட்டுது. இஞ்ச அதைக் கெதி எண்டு சொல்லுவினம், மற்றக் கடிதங்கள் இன்னும் பிந்தும். ரெலிபோன் எண்டால் எழுபது கிலோமீற்றர் போகவேணும், போனாலும் லைன் இருக்கும் எண்டு நிச்சயமில்லை. அதால கடிதத்தையே நம்பி இருப்பம்.

விபரமாய் எழுதச் சொல்லியிருக்கிறியள். நாலு பேராய் வந்தனாங்கள். புவனோஸ் அயர்ஸில இருந்து சூரிச் பிளேன் எண்டு சொன்னவன், பிறகு இல்லை, வடக்கால எல்லை தாண்டினால்தான் ரிக்கற் எண்டு பஸ்ஸில ஏத்தினான். ஒரு நாள் முழுக்க ஓட்டம். எனக்கு வழியில காய்ச்சல். ஒரு பஸ் நிலையத்தில என்னை வாங்குப் பலகையில இருத்திப்போட்டு, "தங்கச்சி தண்ணி வாங்கியாறன்" எண்டு போனவன்தான். மற்ற மூண்டு பேரும் அவனோட பிரேசில் பக்கம் போட்டினமாம். பாஸ்போட்டை நான் சட்டைக்குள்ள தைச்சு வைச்சிருந்தபடியால் தப்பிச்சுது. என்ர கழுத்தில செபமாலையைக் கண்டிட்டு ஆரோ மடத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விட்டிருக்கினம்.

இப்ப காய்ச்சல் இல்லை. மடத்துக் குசினியில சமையலுக்கு நிக்கிறன். ஆனால் ஒரு புதினம் கேளுங்கோ, போன கிழமையில இருந்து எனக்கு வேற வேலை. இஞ்ச மடத்து விடுதியில மிஷெல் எண்டு ஒரு பொம்பிளை தங்கியிருக்கிறா. உங்கட ஃப்ரிபூர்க்குக்குப் பக்கத்து ஊர் ஆள், என்னைவிட ரெண்டு வயசு கூட. குருவிக் கூடு எண்ண வந்திருக்கிறா. சிரிக்காதேங்கோ, அதுக்குப் பல்கலைக்கழகம் சம்பளம் குடுக்குது. மண்ணாலயும் சுள்ளியாலயும் கூடு கட்டுற ஒரு குருவிச் சாதி இஞ்ச இருக்கு. அதில எது எது, எங்க கட்டுது, எத்தினை முட்டை எண்டு எல்லாம் பதியவேணும். அவவுக்கு உதவிக்கு வந்த பெடியன் காதல் பிரச்சினையில ஊருக்குப் போட்டான். என்ர ஓ.எல். இங்கிலீசு அவவின்ர இங்கிலீசை விடத் திறமாய் இருந்தது. அப்பிடி வேலை கிடைச்சுது.

அதில ஒண்டுக்குப் பேர் ஓர்னேரோ. மைனாவிலும் கொஞ்சம் சின்னன். அது மண்ணும் சாணியும் வைக்கலும் குழைச்சுக் கட்டுற கூட்டைப் பாத்ததும் நான் நிண்ட இடத்தில நிண்டிட்டன். பேசாலையில உங்கட மாமாவின்ர பேக்கரியில பாண் சுடுற போறணை அடுப்பு அப்பிடியே. மேல கவிழ்ந்த கூரை, பக்கத்தில வாசல். மிஷெலுக்குச் சொன்னன், எங்கட ஊரில இதுக்குள்ள பாண் போடுவம் எண்டு. இந்தச் சனமும் போறணைக்காரன் எண்டுதானாம் அதுக்குப் பேர் வைச்சிருக்கு. ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் கட்டுது. ஒண்டு மண் கொண்டுவர மற்றது பூசுது. மழை பெய்ஞ்சால்தான் மண் குழையும் எண்டு மழைக்குக் காத்திருக்குதுகள்.

ஒண்டு கேக்கவேணும், கோவிக்கக்கூடாது. உங்கட வேலையிடத்துத் தயாநிதியின்ர மனிசி கொழும்பில இருந்து நேரா பிளேனில வந்து இறங்கினவ எண்டு நீங்கள்தான் எழுதினியள். அவருக்கும் உங்களுக்கும் ஒரே பெர்மிதானே. எனக்கு மட்டும் ஏன் ஏஜென்சி? பஸ் வாங்கில காய்ச்சலோட கிடக்கேக்க இதைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடந்தன்.

உங்கள்,
செசீலியா


ஃப்ரிபூர்க்,
17.10.1993

என் அன்புச் செசீலியாவுக்கு,

கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன். அந்த ஏஜென்சி நாயை இஞ்ச ஒரு கடையடியில கண்டதாய் ஒருத்தர் சொன்னார். ஓடிப்போய்ப் பாத்தன், அவன் இல்லை. கண்டிருந்தால் இப்ப நான் உள்ள இருந்திருப்பன்.

உம்மட குருவிக் கதையைத் தவராஜா அண்ணைக்கு வாசிச்சுக் காட்டினன். "மச்சான், உன்ர மனிசி மூண்டு கண்டம் தாண்டிப் போய்க் குருவிக்குக் காவல் நிக்கிறா, நீ இஞ்ச கோப்பை கழுவுறாய், குடும்பம் நல்லாய்த்தான் இருக்கு" எண்டார். சிரிச்சம்.  காட்டுக்குள்ள போகேக்க காலுக்குச் சப்பாத்துப் போடும். அங்க பாம்பு இருக்கும்.

தயாநிதியின்ர கேஸ் வேற, என்ர கேஸ் வேற. இஞ்ச ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு சட்டம். அதை எழுதினால் உமக்கு விளங்காது. நான் உமக்காக அலுவலகத்துக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறன். பைல் உள்ள போயிருக்கு. அவசரப்படுத்தினால் கோவிப்பினம். நீர் மாதாவை மன்றாடும்.

உமது,
தாஸ்


சாக்கோ,
14.11.1993

அன்புள்ள அத்தானுக்கு,

பைல் உள்ள போயிருக்கு எண்ட வசனத்தை மட்டும் வெட்டிச் செபப் புத்தகத்துக்குள்ள வைச்சிருக்கிறன்.

ரெண்டாம் திகதி ஆத்துமாக்கள் திருநாள். மடத்துச் சேமக்காலையில, கல்லறையளுக்கு நடுவில, எங்கட றோஷினிக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினன். மூண்டு வருசம் போச்சு. மடுவில அந்த அகதிக் கூடாரத்துக்குள்ள எட்டு மாதப் பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு, மருந்து வரும் மருந்து வரும் எண்டு இருந்த ராவுகளை நினைச்சால் இப்பவும் எழும்பிக் குந்தியிருப்பன். நீங்கள் முகத்தையும் பாக்கேல்லை. வயித்தில இருக்கேக்க வெளிக்கிட்ட ஆள். ஞானஸ்நானத் துண்டில தகப்பன் பேர் அந்தோனிதாஸ் எண்டு பங்குச் சுவாமி எழுதினதை மட்டும் எடுத்து எடுத்துப் பாப்பன்.

வேலை நல்லாய்ப் போகுது. நான் இப்ப ஒரு மாதிரி இந்தச் சாதியைப் பிரிச்சுப் பிடிப்பன். லேசில்லை. எல்லாம் மண்ணிறம். தூரத்தில எண்டால் மிஷெலே தடுமாறுவா. அதால முதலில கூட்டைத்தான் பாக்கிறது. மண் போறணை எண்டால் ஓர்னேரோ. அதிலயும் ரெண்டு. வெட்டைவெளியில நடந்து திரியிற, வால் செம்மண் நிறமான ஆள் ஒண்டு. காய்ஞ்ச முள்ளுக்காட்டுக்குள்ள நிக்கிற, தலையில கொண்டை வைச்ச சின்ன ஆள் மற்றது. சுள்ளியை விறகுக்கட்டு மாதிரி அடுக்கி, எலும்புத் துண்டு, நத்தை ஓடு, துணிக்கிழிசல் எல்லாம் கொண்டுவந்து வாசலில வைச்சிருந்தால் அது விறகுபொறுக்கி. போன கிழமை என்ர தலைக்கிளிப் ஒண்டை அதின்ர வாசலில கண்டன். முள்ளுச் சுள்ளியைப் பந்தாய்ச் சுத்திக் குழாய் மாதிரி ஒரு வழி விட்டிருந்தால் அது ஊசிவால் ஆள்.

போறணைக்குள்ள முட்டை பாக்கிறது பெரிய பாடு. வாசலுக்கு உள்ள வளைவாய் ஒரு சுவர் வைச்சிருக்குதுகள், நேர பாத்தால் ஒண்டும் தெரியாது. பல்லு டொக்ரர் பாவிக்கிற கண்ணாடியைத் தடியில கட்டி, சின்ன லைற் பிடிச்சு வளைச்சுப் பாக்கவேணும். எனக்குக் கை பதமாய் வந்திட்டுது எண்டு மிஷெல் சொல்லுறா.

ஆனால் ஒரு பிழையும் விட்டன். முப்பத்தோராம் நம்பர்க் கூட்டை ஓர்னேரோ எண்டு பதிஞ்சிட்டன். பிறகு அரை நாள் இருந்து பாத்தால் உள்ள போய் வாறது மஞ்சள் குருவி. பழைய போறணையில வந்து குடியிருந்திருக்கு. பயந்து போய் றப்பரால அழிக்க வெளிக்கிட, மிஷெல் கையைப் பிடிச்சிட்டா. கொப்பியில ஒண்டையும் அழிக்கக்கூடாதாம். பிழைக்கு மேல ஒரு கோடு, பக்கத்தில சரி, கீழ திகதி. அப்பிடிச் செய்தால் கொப்பியை எல்லாரும் நம்புவினம், அழிச்சால் முழுக் கொப்பியும் குப்பை எண்டா.

எங்கட விவாகப் பதிவும் என்னட்டத்தான் இருக்கு. ஒறிஜினலை எந்த விலாசத்துக்கு அனுப்ப? உடன எழுதுங்கோ.

உங்கள்,
செசீலியா


ஃப்ரிபூர்க்,
12.12.1993

என் அன்புச் செசீலியாவுக்கு,

பதிவை அனுப்ப வேண்டாம். தபாலில துலைஞ்சால் கதை முடிஞ்சுது. எங்கட கோயில் பதிவுப் புத்தகங்கள் எரிஞ்சுபோனது உமக்குத் தெரியும். உலகத்தில உம்மட கையில இருக்கிறது ஒண்டுதான். பத்திரமாய் வைச்சிரும். கேக்கேக்க நான் சொல்லுவன்.

இஞ்ச பனி. றெஸ்ரோறண்டில நத்தார் விருந்து ஓடர், சனம் கிறிஸ்மஸ் எண்டு குவியுது, பன்ரெண்டு மணித்தியாலம் நிக்கிறன். நித்திரை சரியாய் இல்லை. பிள்ளையைப் பற்றி எழுதினதை வாசிச்ச பிறகு ரெண்டு நாள் வேலைக்குப் போகேல்லை. நத்தார் வாழ்த்து.

உமது,
தாஸ்


சாக்கோ,
20.02.1994

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்துக்கு உடன பதில் போடுங்கோ. என்ர தங்குற பேப்பர் மே மாதக் கடைசியோட முடியுது. மிஷெலின்ர வேலையும் மே முதல் கிழமையோட முடிய, அவ சுவிசுக்குத் திரும்பிறா. பிறகு என்னை வைச்சிருக்கேலாது எண்டு மடத்துத் தலைமைத் தாயார் அழுதுகொண்டு சொன்னா. பொலிஸ் பிடிச்சால் கொழும்புக்கு ஏத்துவாங்கள். அங்க இறங்கினால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது இது. மிஷெல் தன்ர தாய்க்கு எழுதி, உங்கட மாகாண அலுவலகத்தில போய் விசாரிக்கச் சொல்லியிருக்கிறா. என்ர பேர் ஒண்டும் சொல்லேல்லை. இன்ன ஆளுக்கு மனிசியைக் கூப்பிட என்னென்ன பேப்பர் வேணும் எண்டு மட்டும்தான் கேட்டவவாம். அங்க வேலை செய்யிற பிள்ளை பாத்திட்டு, அந்த ஆள் கலியாணம் முடிக்கேல்லை, தனியாள் எண்டுதான் பதிவில இருக்கு எண்டு சொல்லியிருக்கு. உள்ள போன பைல் எண்டும் ஒண்டும் இல்லையாம்.

ஆரோ ரைப் அடிக்கேக்க பிழை விட்டிருக்கினம். நீங்கள் வந்த புதிசில பாஷை தெரியாமல் நிண்டிருப்பியள், அவையும் கேட்டது ஒண்டு எழுதினது ஒண்டாய் இருக்கும். நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ. அந்த இடத்தில ஒரு கோடு போட்டுச் சரியானதை எழுதித் திகதி போடச் சொல்லுங்கோ. ஒரு சின்னப் பிழைக்காக நான் இஞ்ச கிடக்கிறன் எண்டு நினைக்கத்தான் எனக்கு விசர் வருது.

இஞ்ச குஞ்சுகள் எல்லாம் பறந்திட்டுது. வெறும் போறணையளைக் கணக்கெடுக்கிறம்.

உங்கள்,
செசீலியா


ஃப்ரிபூர்க்,
20.03.1994

செசீலியா,

இதை எத்தினையோ தரம் எழுதிக் கிழிச்சன். இந்த முறை கிழிக்க மாட்டன்.

ரைப் அடிச்சவை பிழை விடேல்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கினம்.

எண்பத்தொம்பது டிசெம்பர், வந்து பத்து நாள். முகாமில இருந்த பெடியள் சொல்லித் தந்தாங்கள், கலியாணம் எண்டு சொல்லாதே, மனிசி அங்க பத்திரமாய் இருக்கிறா, உனக்கு மட்டும் என்ன ஆபத்து எண்டு கேட்டுத் திருப்பி அனுப்புவினம் எண்டு. எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை. நானும் தனியாள் எண்டன். கொஞ்ச நாளில மாத்தலாம் எண்டு நினைச்சன். பிறகு ரெண்டாம் விசாரணை, தொண்ணூறு டிசெம்பர். பிள்ளை போன தகவல் வந்து மூண்டு கிழமை. மேசைக்கு அங்கால இருந்தவர் அமைதியாய்க் கேட்டார், பிள்ளையள் இருக்கோ எண்டு. முதல் சொன்னதுக்கு மாறிச் சொன்னால் பொய்யன் எண்டு முழுக் கேசையும் எறிவினம் எண்டு பயந்து, இல்லை எண்டன். மொழிபெயர்த்த தமிழ்ப் பொம்பிளை என்ர முகத்தைப் பாத்தா. நான் அழுதுகொண்டிருந்தனான். தலையிடியோ எண்டு கேட்டா. ஓம் எண்டன்.

அதாலதான் தயாநிதி மாதிரி உம்மை நேர கூப்பிடேலாமல் போச்சு. அதாலதான் ஏஜென்சி. நான் ஒரு நாளும் எந்த அலுவலகத்துக்கும் போகேல்லை. பைல் எண்டதும் பொய். உம்மை அந்த வாங்கில இருத்தினது அவன் இல்லை, நான்தான்.

இப்ப உண்மையைச் சொன்னால் பொய் சொல்லி எடுத்த பெர்மி எண்டு பறிப்பினம். இலங்கையோட ஒப்பந்தம் போட்டாச்சு, ஆக்களை ஏத்தப்போகினம் எண்டும் கதைக்கினம். நான் போனால் உமக்கு இஞ்ச ஆர்?

ஒரே ஒரு வழி இருக்கு எண்டு தவராஜா அண்ணை விசாரிச்சுச் சொன்னார். நீர் மிஷெலோட புவனோஸ் அயர்ஸ் போய், சுவிஸ் எம்பசியில நான் கலியாணம் முடிக்காத பொம்பிளை, இன்னாரை முடிக்கப் போறன் எண்டு எழுதிக் குடும். பாஸ்போட்டில உம்மட அப்பாவின்ர பேர்தானே இருக்கு. பிள்ளை இல்லை எண்டும் எழுதவேணும். வந்த பிறகு இஞ்ச திரும்ப எழுதுவம். ஒரு பேப்பர்தானே, செசீலியா. எங்களுக்குத் தெரியும்தானே உண்மை.

நேற்று வேலை முடிஞ்சு வரேக்க சேரிங்கன் பாலத்தில கன நேரம் நிண்டன். கீழ ஆத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன், வேற ஒண்டுமில்லை. என்னை வெறுக்காதேயும்.

தாஸ்


சாக்கோ,
10.04.1994

அத்தான்,

நாலு வருசமாய் உங்கட மனிசி எண்டு சொல்லித்தான் ஒவ்வொரு ஆமிச் சென்றிப் பொயின்றிலயும் நிண்டனான். மனுசன் சுவிசில, கூப்பிடுவார் எண்டு. மடத்து ஆஸ்பத்திரியில காய்ச்சலிலயும் உங்கட பேரைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தனானாம், சிஸ்ரர்மார் அதை ஏதோ ஊர்ப் பேர் எண்டு நினைச்சவையாம். அந்த நேரம் முழுக்க உங்களுக்கு மனிசி இல்லை.

என்னை இல்லை எண்டதைப் பொறுப்பன். பயத்தில சொன்னியள், எல்லாரும் சொல்லுற பொய். ஆனால் அந்தப் பிள்ளையை இல்லை எண்டு என்ர வாயால சொல்லச் சொல்லுறியள். பத்து மாதம் சுமந்து, எட்டு மாதம் பால் குடுத்து, மடுக் காட்டில என்ர கையால மண் போட்டனான். அதுக்கு இந்த உலகத்தில இருக்கிறது ஒரு துண்டுப் பேப்பரில ஒரு வரி. அதையும் நான் எழுதி அழிக்கவேணுமோ? ஒரு பேப்பர்தானே எண்டு எழுத உங்களுக்குக் கை வந்துதோ?

நான் எழுத மாட்டன். கொழும்புக்கு ஏத்தினால் ஏத்தட்டும். நீங்கள் பெர்மியை வைச்சுக்கொண்டு சுகமாய் இருங்கோ. இனி எனக்கு எழுத வேண்டாம்.

செசீலியா


ஃப்ரிபூர்க்,
08.05.1994

என் செசீலியாவுக்கு,

எழுத வேண்டாம் எண்டனீர். இந்த ஒண்டை மட்டும் வாசியும்.

உம்மட கடிதம் போன திங்கள் வந்தது. நாலு நாள் சட்டைப் பையில வைச்சுக்கொண்டு வேலை செய்தன். கோப்பை ஒண்டு கைதவறி உடைஞ்சுது, பிறகு இன்னொண்டு. ஆறாம் திகதி வெள்ளிக்கிழமை லீவு போட்டிட்டு அலுவலகத்துக்குப் போனன். வாசலில நிண்டு ரெண்டு தரம் திரும்பினன். மூண்டாம் தரம் உள்ள போயிட்டன்.

எல்லாத்தையும் சொன்னன். எண்பத்தொம்பதில பொய் சொன்னன், தொண்ணூறில திரும்பவும் சொன்னன், எனக்கு மனிசி இருக்கிறா, பேர் செசீலியா, ஒரு மகள் இருந்தாள், பேர் றோஷினி, எட்டு மாதம். மேசைக்கு அங்கால இருந்த அதிகாரி சத்தம் போடேல்லை. ஏன் இப்ப சொல்லுறீர் எண்டு கேட்டார்.  ஒரு தாள் எடுத்து முழுக்க எழுதி, திருப்பி வாசிச்சுக் காட்டச் சொன்னார். மொழிபெயர்க்கக் கூப்பிட்டவ உம்மட பேரையும் பிள்ளையின்ர பேரையும் வாசிக்கேக்க நான் மேசையில தலையைக் கவிழ்த்திட்டன். இந்த நாட்டில உங்கட ரெண்டு பேற்ற பேரும் ஒரு பேப்பரில வந்தது அதுதான் முதல் தரம். கையெழுத்து வைச்சன்.

பெர்மியைப் பறிக்கலாம், பறிக்காமலும் விடலாம் எண்டார். முடிவு பேர்னில. ஆனால் ஒண்டு கேட்டார். நீர் சொல்லுறதை எப்பிடி நம்புறது, உம்மட சொல் முந்தியும் மாறினதுதானே, அத்தாட்சி வேணும். விவாகப் பதிவு ஒறிஜினலையும் பிள்ளையின்ர ஞானஸ்நானத் துண்டையும் அறுபது நாளைக்குள்ள கொண்டுவந்தால், மனிசி சொல்லுறதும் நீர் சொல்லுறதும் ஒண்டாய் இருந்தால், உமக்காக ஒரு குறிப்பு எழுதுவன் எண்டார். நல்ல மனுசன் எண்டுதான் நினைக்கிறன்.

ரெண்டையும் உடன பதிவுத்தபாலில அனுப்பும். முந்தி அனுப்ப வேண்டாம் எண்டனான், இப்ப கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன். ஆரும் வந்து கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லும். எம்பசியில நான் முந்தி எழுதச் சொன்னதை ஒருநாளும் எழுதாதேயும். எழுத மாட்டீர் எண்டு தெரியும், எண்டாலும் சொல்லுறன்.

நாலு வருசத்தில முதல் தரம் வெள்ளி இரவு விடிய மட்டும் நித்திரை கொண்டன்.

உமது கணவன்,
அந்தோனிதாஸ்


புவனோஸ் அயர்ஸ்,
08.05.1994

அன்புள்ள அத்தானுக்கு,

போன கடிதத்தை மறந்திடுங்கோ. கோவத்தில எழுதி, கோவத்திலயே தபாலில போட்டன். போட்ட அண்டு பின்னேரமே பாலத்தில நிண்டதாய் நீங்கள் எழுதின அந்த வரி நினைவுக்கு வந்திட்டுது. அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்திருக்குமோ, வாசிச்சிட்டு இந்த மனுசன் என்ன செய்யுமோ எண்டு ஒவ்வொரு நாளும் செத்தன். மிஷெலிட்டைக் கடைசிக் கிழமைக் கொப்பியைக் குடுக்கேக்க ரெண்டு பக்கம் எழுதாமல் விட்டிருந்தன். அவ அதில ஒரு கோடு போட்டுத் திகதி எழுதினா.

யோசிச்சுப் பாத்தன். பிள்ளை போட்டுது, அத்தான். அதுக்கு இனி ஒரு எழுத்தும் தேவையில்லை. இருக்கிற மனுசன் எனக்கு வேணும்.

மிஷெல் தன்ர ஜீப்பில கூட்டிக்கொண்டு வந்தா. ஆறாம் திகதி வெள்ளிக்கிழமை எம்பசிக்குப் போனம். உள்ள போக முந்தி ஒருக்கால் உங்களோட கதைச்சிடுவம் எண்டு போன் எடுத்தன். உங்கட றெஸ்ரோறண்டில ஒரு பிரெஞ்சுக்காரப் பிள்ளைதான் எடுத்தது. மிஷெல் வாங்கிக் கதைச்சா. அண்டைக்கு நீங்கள் லீவாம். நித்திரை இல்லாத மனுசன், ஓய்வெடுக்கட்டும் எண்டு சந்தோசப்பட்டன்.

பிறகு உள்ள போய் நீங்கள் சொன்னபடி எழுதிக் குடுத்தன். கலியாணம் முடிக்கேல்லை எண்டு எழுதினன். அங்க இருந்த பொம்பிளை, பிள்ளையள் எண்டு கேட்டா. இல்லை எண்டன். ஒரு பிள்ளையும் பிறக்கேல்லையோ எண்டு திரும்பக் கேட்டா. ஒரு பிள்ளையும் பிறக்கேல்லை எண்டு சொன்னன். குரல் நடுங்காமல் சொன்னன், நீங்கள் பாத்திருக்கவேணும். சத்தியம் எண்டு கையெழுத்தும் வைச்சன். தாள் உங்கட மாகாணத்துக்கு இந்தக் கிழமையே ஃபாக்ஸில போகுமாம்.

ஆரும் பையைச் சோதிச்சால் ஆபத்து எண்டு, விவாகப் பதிவையும் பிள்ளையின்ர துண்டையும் முதல் நாள் இரவே இஞ்ச நாங்கள் தங்கியிருக்கிற விடுதிக் குசினியில எரிச்சிட்டன். மிஷெலுக்கும் சொல்லேல்லை. இனி ஆரும் ஒண்டும் காட்டேலாது. கவருக்குப் பின்னாலயும் என்ர பேரோட அப்பாவின்ர பேரைத்தான் போட்டிருக்கிறன்.

என்ர பக்கத்தால இனி ஒரு கரைச்சலும் வராது. உங்களைக் கூப்பிட்டுக் கேப்பினம். பயப்படாதேங்கோ, முந்திச் சொன்னதையே சொல்லுங்கோ. ஒரு சொல்லையும் மாத்திச் சொல்லிப்போடாதேங்கோ.

உங்கள்,
செசீலியா